ரிம்முக்கு பவுடர் கோட்டிங்: வீட்டிலேயே செய்யலாமா?

உர மூட்டை ஏற்றும் வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்று வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பைப் போல அதுவும் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும். தொழு உரம் ஏற்றினாலும், உப்புத் தண்ணீர்க் கிணற்று நீரில் வண்டியைக் கழுவினாலும் இதே கதைதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயிண்ட் அடித்துச் சலித்தவர்கள் இப்போது பவுடர் கோட்டிங் பற்றிக் கேட்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கான சிறிய துப்பாக்கிகள் கடைக்கு வந்துவிட்டதால், நாமே செய்துவிடலாமே என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

''பழைய ஆம்னி வேனில்தான் காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகிறோம். நான்கு இரும்பு ரிம்களும் துருப்பிடித்துவிட்டன. பவுடர் கோட்டிங் என்றால் என்ன? பெயிண்டைவிட அது எப்படி மேல்? அதை வீட்டிலேயே செய்ய முடியுமா?''
- வாசகர் ஒருவர், ஒட்டன்சத்திரம்.

சாதாரண பெயிண்டில் நிறமும் பிசினும் தின்னரோடு கலந்திருக்கும். தின்னர் ஆவியாகிப் போனதும் நிறம் இரும்பின்மேல் தங்கும். பவுடர் கோட்டிங்கில் தின்னர் கிடையாது. பிசின், நிறமி, இறுக வைக்கும் பொருள் மூன்றையும் சேர்த்து மாவுபோல அரைத்த உலர்ந்த தூள்தான் அது. துப்பாக்கி அந்தத் தூளுக்கு மின்னேற்றம் கொடுத்துத் தெளிக்கும். எர்த் செய்யப்பட்ட இரும்பு அதைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதும் இதே விஷயம்தான்.

தூள் ஒட்டிய பாகத்தை ஓவனில் வைத்தால், பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் தூள் உருகிப் பரவி, ஒரே தோலாக இறுகிவிடும். இட்லி வெந்த பிறகு மறுபடி மாவாகாது. அதுபோல, ஒருமுறை இறுகிய கோட்டிங் திரும்பச் சூடாக்கினாலும் உருகாது. ஒரே பூச்சில் 60 முதல் 80 மைக்ரான் கனம் கிடைக்கும். அதாவது, சுமார் ஒரு தலைமுடியின் பருமன். பெயிண்டில் இந்தக் கனம் வர இரண்டு மூன்று பூச்சு தேவைப்படும். கல் தெறித்தாலும் சீக்கிரம் பெயராது.

ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் கெம்மர் 1950-களில், சூடான பாகத்தைத் தூளுக்குள் முக்கி எடுக்கும் முறையை உருவாக்கினார். மின்னேற்றித் தெளிக்கும் முறை 1960-களில் வந்தது. இன்று வீட்டில் இருக்கும் பீரோ, ஃபேன், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் மேல்பூச்சு பெரும்பாலும் இதுதான்.

இனி ரிம் விஷயம். ஆம்னிக்கு 12 அங்குல ரிம். அதன் வெளிவிளிம்பையும் சேர்த்தால் குறுக்களவு 33 சென்டிமீட்டருக்கு மேல் வரும். 60 லிட்டர் ஓவனில் அதை எப்படியோ நுழைத்துவிட்டாலும் சூடாகும் கம்பிக்கு மிக அருகில் இருக்கும். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் வேகாது. அதனால் ரிம்மை வீட்டில் செய்யாமல், பெரிய ஓவன் உள்ள ஜாப் ஒர்க் பட்டறையில் கொடுப்பதே சரி. நான்கு ரிம்களையும் ஒரே நாளில் கொடுத்தால் நிறமும் ஒன்றுபோல இருக்கும். பேட்டரி தட்டு, கண்ணாடி பிராக்கெட், கதவுக் கைப்பிடி, சீட் பிராக்கெட், டிராக்டர் டூல் பாக்ஸ் மூடி போன்ற சின்ன இரும்புப் பாகங்களை வீட்டில் செய்யலாம்.

''துப்பாக்கி வாங்கிவிட்டேன். காரின் சின்னப் பாகங்களை நானே செய்ய ஆசை. ஆரம்பத்திலிருந்து முறையாகச் சொல்லுங்கள்.''
- வாசகர் ஒருவர், பெருந்துறை.

முக்கால்வாசி வேலை துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். நிலத்தைச் சரியாக உழாமல் விதைப்பதும், இரும்பைச் சுத்தம் செய்யாமல் தூள் அடிப்பதும் ஒன்றுதான்.

1. பிரித்தல்: ரப்பர் புஷ், பிளாஸ்டிக், பேரிங், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் உலோகத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. எண்ணெய்ப் பிசுக்கு நீக்குதல்: உரசுவதற்கு முன்பே கிரீஸையும் எண்ணெயையும் கழுவிவிட வேண்டும். முதலில் உரசினால் உப்புத்தாள் எண்ணெயை இரும்புக்குள் தேய்த்துவிடும். சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் கழுவி, பிறகு அசிட்டோனில் நனைத்த சுத்தமான துணியால் துடைக்கலாம். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால், அது முழுவதும் உலர்ந்த பிறகே பாகத்தை ஓவனுக்குள் வைக்க வேண்டும்.

3. துருவும் பழைய பெயிண்டும்: கம்பி பிரஷ், உப்புத்தாள், கிரைண்டரில் பொருத்தும் பிரஷ் போன்றவற்றால் வெள்ளை இரும்பு தெரியும்வரை உரச வேண்டும். பழைய வாகனப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற 2016-ம் ஆண்டு விதி வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளுக்கானது. வாகனப் பெயிண்டுக்கு அல்ல. அதனால் உரசும்போது முகக்கவசம் அவசியம். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. உதிர்ந்த தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கிக் காற்றில் பறக்க விடக் கூடாது.

4. வெறும் சூடு: வார்ப்பு இரும்பிலும் வார்ப்பு அலுமினியத்திலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பல வருட எண்ணெய் அவற்றுக்குள் ஊறியிருக்கும். தூள் அடிப்பதற்கு முன் ஒருமுறை, பிறகு வேகவைக்கப்போகும் சூட்டிலேயே அரைமணி நேரம் வெறுமனே சூடாக்கினால் அந்த எண்ணெய் வெளியே கசியும். ஆறியதும் துடைத்துவிட்டு மறுபடி சூடாக்க வேண்டும். கசிவு நின்றால்தான் அடுத்த வேலை.

5. மறைத்தல்: மரை, பேரிங் உட்காரும் இடம், இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் முகம் ஆகியவற்றில் கோட்டிங் ஏறக் கூடாது. அதற்கென்று சூடு தாங்கும் டேப்பும் சிலிக்கான் அடைப்பான்களும் கிடைக்கின்றன. சாதாரண செல்லோ டேப் ஓவனில் உருகி நாசமாக்கிவிடும்.

6. எர்த்: பாகத்தைத் தொங்கவிடும் கொக்கி வெறும் கம்பியாக இருக்க வேண்டும். எர்த் கிளிப் அந்தக் கம்பியையோ பாகத்தையோ நேரடியாகக் கவ்வ வேண்டும். பழைய கோட்டிங் ஏறிய கொக்கியில் எர்த் கிடைக்காது. தூள் ஒட்டாமல் உதிர்வதற்கும், தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பதற்கும் இதுதான் காரணம். பல வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே துப்பாக்கியை இயக்க வேண்டும்.

7. தெளித்தல்: கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருந்தால் தூள் கட்டி கட்டியாக விழும். தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம். முதலில் உள்மூலைகள், பிறகு வெளிப்பக்கம் என்று தெளிக்க வேண்டும். உள்மூலைக்குள் மின்புலம் சரியாகப் போகாது என்பதால் தூள் அங்கே ஒட்டத் தயங்கும். துப்பாக்கியில் வோல்ட்டேஜைக் குறைக்கும் வசதி இருந்தால் மூலைகளுக்குக் குறைத்து வைக்கலாம். இரும்பின் நிறம் எங்கும் தெரியாதபடி சீராகப் படிந்தால் போதும். கூடுதலாக அடித்தால் ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளம் விழும்.

8. வேகவைத்தல்: தூள் அடித்த பாகத்தில் விரல் பட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். கொக்கியைப் பிடித்தே ஓவனுக்குள் மாட்ட வேண்டும். ஓவனுக்குள் காற்றாடி இருந்தால், தூள் உருகிப் பளபளக்கும்வரை அதை நிறுத்தி வைப்பது நல்லது. உதாரணமாக, '200 டிகிரியில் 10 நிமிடம்' என்று தூள் பாக்கெட்டில் இருந்தால், அது ஓவனின் சூடு அல்ல, உலோகத்தின் சூடு. மெல்லிய தகடு சில நிமிடங்களில் அந்தச் சூட்டை எட்டிவிடும். கனமான வார்ப்புப் பாகம் எட்ட அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். எட்டிய பிறகுதான் 10 நிமிடக் கணக்கு தொடங்கும். அதை அறிய தொடாமல் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் தேவை. வீட்டில் செய்த கோட்டிங் உரிவதற்குப் பெரும்பாலும் இந்த அரைவேக்காடுதான் காரணம்.

வெந்ததும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தானாக ஆறட்டும்.

''சிறுதானிய பிஸ்கட் சுட்டு விற்கிறேன். அந்த ஓவனிலேயே பைக், கார் பாகங்களைச் சூடாக்கிக்கொள்ளலாம், பிறகு கழுவிவிட்டால் போதும் என்கிறார் என் கணவர். சரியா?''
- வாசகி ஒருவர், சங்கரன்கோவில்.

கூடவே கூடாது. பவுடர் வேகும்போது வெளிவரும் ஆவியும் தூளும் ஓவனின் உட்சுவரிலும் சூடாகும் கம்பியிலும் படியும். கழுவினாலும் முழுதாகப் போகாது. அடுத்த தடவை ஓவனைச் சூடாக்கும்போது அது பிஸ்கட்டில் இறங்கும். சில வகைப் பாலியெஸ்டர் தூள்களில் டி.ஜி.ஐ.சி என்ற இறுக்கும் பொருள் இருக்கிறது. மரபணுவையே பாதிக்கக்கூடிய நச்சு என்று வகைப்படுத்தப்பட்ட பொருள் அது. அது இல்லாத தூள்களும் கிடைக்கின்றன. ஆனால், எந்தத் தூளாக இருந்தாலும் உணவு வேகும் ஓவனில் அதற்கு இடமில்லை. விற்பனைக்குச் சுடும் ஓவன் என்றால், வாங்கிச் சாப்பிடும் குழந்தைகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஒரு தடவை பவுடருக்குப் பயன்படுத்திய ஓவன் மறுபடி சமையலுக்கு ஆகாது. பழைய ஓவன் ஒன்றைத் தனியாக வாங்கி, 'சமையலுக்கு அல்ல' என்று அதன்மேல் பெரிதாக எழுதிவிடுவது நல்லது. வீட்டுக்கு வரும் உறவினர்களுக்குத் தெரியாது அல்லவா? அந்த ஓவன் மின்சாரத்தில் இயங்குவதாக மட்டுமே இருக்க வேண்டும். கேஸ் அடுப்பு, கேஸ் ஓவன், விறகு அடுப்பு எதுவும் இதற்கு ஆகாது. காற்றில் மிதக்கும் பவுடர் நெருப்பைக் கண்டால் குபீரென்று வெடித்துப் பற்றும். மாவு மில்களிலும் சர்க்கரை ஆலைகளிலும் தூசி வெடிப்பது இதே வகைதான்.

தெளிக்கும் இடத்துக்கும் ஓவனுக்கும் நல்ல இடைவெளி வேண்டும். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, டீசல் கேன் இருக்கும் இடத்தின் பக்கம் இந்த வேலை கூடாது. பீடி, சிகரெட், கொசுவர்த்தி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. என்-95 முகக்கவசம், கண்ணாடி அணிய வேண்டும். ஓவனுக்குள் தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணல் வாளி ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

''ஒரு பழைய ஜீப்பை முழுசாகப் பிரித்துப்போட்டிருக்கிறோம். எதையெல்லாம் பவுடர் கோட்டிங் செய்யக் கூடாது?''
- வாசகர் ஒருவர், மன்னார்குடி.

200 டிகிரியைத் தாங்காத எதையும் ஓவனில் வைக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை. அதிலிருந்து மற்றவை தாமாகவே புரியும்.

ஷாக் அப்சார்பர்: மூடிய குழாய்க்குள் எண்ணெயும் சிலவற்றில் அழுத்தமேற்றிய வாயுவும் இருக்கும். ஓவனில் வைத்தால் குண்டுபோல வெடிக்கும். டிக்கி கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் ஸ்டிரட்டும் அப்படியே. 'வெளிப்பக்கம் மட்டும்தானே' என்ற பேச்சே வேண்டாம்.

பெட்ரோல், டீசல் டேங்க்: காலியாகத் தெரியும் டேங்க்குக்குள்தான் ஆவி அதிகம். அந்த ஆவிதான் வெடிக்கும். ஈயப்பற்று வைத்து அடைத்த டேங்க் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். பற்று வைத்த பழைய ரேடியேட்டரும் இந்தக் கணக்கில் சேரும்.

பிரேக்: டிஸ்க், டிரம்மின் உட்பக்கம், பேடு, லைனிங் எதிலும் பூச்சு படக் கூடாது. காலிப்பர் என்றால் அதிலிருக்கும் எல்லா ரப்பர் சீல்களையும் எடுத்துவிட்டு, பிறகு புதிய சீல் போட வேண்டும். அதில் அனுபவமுள்ள மெக்கானிக் இல்லாவிட்டால் தொடாமல் விடுவதே நல்லது.

சைலன்சர்: ஓடும்போது இன்ஜின் பக்கத்துக் குழாய், பவுடர் வெந்த சூட்டைவிட அதிகமாகச் சுடும். சாதாரண பவுடர் கருகி உதிரும். அதற்குச் சூடு தாங்கும் சிலிக்கான் பெயிண்ட்தான் சரி.

பட்டி வைத்த தகடு: பள்ளத்தை அடைக்க வைத்த சாதாரண பட்டி ஓவன் சூட்டில் வெடித்துப் பெயரும். பவுடர் அடிக்கும் தகட்டைத் தட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

ஹை டென்சில் போல்ட்டு, ஸ்பிரிங்: இவற்றைத் துரு எடுக்க ஆசிட்டில் ஊறவைக்கக் கூடாது. ஆசிட் இரும்போடு வினைபுரியும்போது உண்டாகும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும் போல்ட்டு, பாரம் ஏறும்போது சொல்லாமல் ஒடியும்.

இவை போக, பம்பர் பிராக்கெட், சீட் ஃபிரேம், ஃபுட் ரெஸ்ட், மட்கார்டு தாங்கி, கேரியர் போன்றவற்றைத் தாராளமாகச் செய்யலாம். ஓவனில் கொள்ளாததைப் பட்டறைக்குக் கொடுத்துவிடலாம்.

''ரிம்மைப் பட்டறையில் கொடுக்கப்போகிறோம். வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? மகன் அலாய் வீல் வைத்திருக்கிறான், அதற்கும் இதே முறைதானா?''
- வாசகர் ஒருவர், ஆத்தூர்.

ரிம்மில் கோட்டிங் இருக்க வேண்டிய இடம் முக்கியம். இருக்கக் கூடாத இடம் அதைவிட முக்கியம். வீல் நட்டு உட்காரும் குழிவிலும், ரிம் ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும் பவுடர் ஏறக் கூடாது. அங்கே கோட்டிங் இருந்தால் நட்டை இறுக்கும்போது இரும்போடு இரும்பு உட்காராது. நடுவில் பிளாஸ்டிக் தோல் நிற்கும். ஓட ஓட அது நசுங்கி மெலியும், நட்டு தளரும். பாரம் ஏற்றிய வண்டியில் சக்கரம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 'நட்டுக் குழியையும் ஹப் முகத்தையும் மறைத்துவிட்டு அடியுங்கள்' என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், மெக்கானிக்கிடம் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

டயரை மட்டுமல்ல, வால்வையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பூச்சு எடுத்த வெறும் ரிம்மை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. வெடிப்பு, வெல்டிங் விட்டுப்போன இடம், துரு தின்று மெலிந்த இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். கோட்டிங் ஏறிய பின் வெடிப்பு மறைந்துவிடும், ஆனால் வெடிப்பாகவே இருக்கும். அப்படிப்பட்ட ரிம்மைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அலாய் வீல் அலுமினியக் கலவை. பல அலாய் வீல்களுக்கு வார்த்த பிறகு சூட்டுப் பதம் கொடுத்து உறுதியேற்றியிருப்பார்கள். அளவுக்கு மேல் சூடானால் அந்தப் பதம் போய்விடும். சில இடங்களில் பழைய கோட்டிங்கை நெருப்பில் எரித்து எடுப்பார்கள். இரும்பு பிராக்கெட்டுக்கு அது பரவாயில்லை, அலாய் வீலுக்குக் கூடாது. கெமிக்கல் வைத்தோ பிளாஸ்டிங் செய்தோதான் எடுக்க வேண்டும். வேகவைக்கும் சூடும் 200 டிகிரியைத் தாண்டக் கூடாது. குறைந்த சூட்டில் வேகும் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. இதைக் கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லும் பட்டறையில் கொடுக்கலாம்.

''பைக் கேரியரையும் கார் ரிம்மையும் பவுடர் கோட்டிங் செய்து வாங்கினோம். ஒரு வருடத்துக்குள் ரிம்மில் தோல் உரிகிறது. கேரியர் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டுகிறது. ஏன்?''
- வாசகர் ஒருவர், வேதாரண்யம்.

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். வெளுத்தது தூளின் தேர்வில் நேர்ந்த தவறாக இருக்கும். எபாக்ஸி தூள் இரும்பை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வெயில் ஆகாது. சில மாதங்களிலேயே சுண்ணாம்பு பூக்கும். எபாக்ஸியும் பாலியெஸ்டரும் கலந்த தூள் பீரோ, அலமாரிக்கு ஏற்றது. வெயிலில் நிற்கும் வண்டிக்கு 'பியூர் பாலியெஸ்டர், வெளிப்புறத் தரம்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

தோல் உரிவது அடியில் நடந்த வேலையின் குறை. துருவின் மேலேயே தூள் அடித்திருப்பார்கள், அல்லது எண்ணெய் போயிருக்காது, அல்லது அரைவேக்காடாக இருக்கும். நல்ல பட்டறைகளில் எண்ணெய் நீக்கம், துரு நீக்கம், பாஸ்பேட்டிங், இடையிடையே தண்ணீர்க் கழுவல் என்று தொட்டி தொட்டியாக முக்கி எடுப்பார்கள். தொழிலில் இதை 'செவன் டேங்க் ப்ராசஸ்' என்பார்கள். பாஸ்பேட்டிங் இரும்பின்மேல் சொரசொரப்பான மெல்லிய படலம் உண்டாக்கும். தூள் அதைப் பிடித்துக்கொள்ளும், துருவும் பரவாது. வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊரில் இந்தப் படி இல்லாத கோட்டிங் நிலைக்காது. ரிம்முக்கு இரண்டு அடுக்கு கேட்கலாம்: அடியில் எபாக்ஸி பிரைமர், மேலே பாலியெஸ்டர்.

சோதிப்பதற்கு ஒரு வழி உண்டு. அதே இரும்பில் ஒரு துண்டுத் தகட்டையும் சேர்த்துக் கொடுத்து, ரிம்மோடு ஒன்றாகவே கோட்டிங் செய்யச் சொல்லலாம். அந்தத் துண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் கீறி, அழுத்தி டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தால், கட்டங்கள் டேப்போடு வரக் கூடாது. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் முப்பது முறை தேய்த்தால், மேற்பரப்பு பிசுபிசுத்து நிறம் தாராளமாகப் பஞ்சில் இறங்கக் கூடாது. இறங்கினால் சரியாக வேகவில்லை என்று பொருள்.

உரிந்த ரிம்மின்மேல் மறுபடி தூள் அடித்துப் பயனில்லை. முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

''துரு எடுக்க ஆற்று மணலைக் கம்ப்ரஸரில் அடிக்கலாமா?''
- வாசகர் ஒருவர், முசிறி.

கூடாது. ஆற்று மணலில் பெரும்பகுதி சிலிக்கா. வேகமாக மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத தூசியாகி நுரையீரலுக்குள் தங்கும். அது சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவரும். நுரையீரலில் விழுந்த தழும்பு திரும்பச் சரியாகாது. துணி கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது தவறு. பிளாஸ்டிங்குக்கு அலுமினியம் ஆக்ஸைடு, கார்னெட் மணல் போன்றவை இருக்கின்றன. அவற்றையும் மூடிய பெட்டிக்குள் கைவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சின்னப் பாகத்துக்குக் கம்பி பிரஷும் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கியும் போதும். கையுறை போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் சொன்ன நேரம் மட்டும் ஊறவைத்து, கழுவி, உடனே உலர்த்த வேண்டும். சுத்தமான இரும்பில் மழைக்காலத்தில் சில மணி நேரத்திலேயே துரு பூக்கும். அதனால் சுத்தம் செய்த அன்றே தூள் அடித்துவிட வேண்டும்.

''ஊரில் பைக், கார், டிராக்டர் அதிகம். இதையே பகுதிநேரத் தொழிலாகச் செய்யலாமா?''
- வாசகர் ஒருவர், திருச்செங்கோடு.

செய்யலாம், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு இறங்க வேண்டும். தூளின் அடர்த்தி ஏறத்தாழ 1.5 என்று வைத்துக்கொண்டால், 70 மைக்ரான் கனத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 105 கிராம் தூள் ஆகும். அதாவது ஒரு கிலோ தூள் சுமார் 100 சதுர அடிக்கு வர வேண்டும். சின்னத் துப்பாக்கியில் பாதி தூள் பாகத்தில் ஒட்டாமல் கீழே விழுந்தால், அது 50 சதுர அடியாகச் சுருங்கிவிடும். பெரிய பட்டறைகளில் சிந்திய தூளை உறிஞ்சிச் சலித்துத் திரும்பப் பயன்படுத்துவார்கள். ஒரே நிறம் நாள் முழுவதும் ஓடினால்தான் அது கட்டுப்படியாகும். ஊருக்குள் ஒருவர் சிவப்பு, அடுத்தவர் கறுப்பு, இன்னொருவர் நீலம் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைச் சுத்தம் செய்ய வேண்டும், தூளும் வீணாகும். கறுப்பு, வெள்ளி என்று இரண்டு நிறங்களோடு தொடங்குவது நல்லது.

தூளைத் தகரக் கொட்டகையில் வைத்தால் சித்திரை வெயிலில் கட்டிபிடித்துவிடும். ஈரமில்லாத, 30 டிகிரிக்குக் கீழே உள்ள அறையில் மூடிவைக்க வேண்டும்.

2,000 வாட் ஓவன் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் தடித்த ஒயரும் தேவை. ரிம் கொள்ளும் பெரிய ஓவன் என்றால் பெரும்பாலும் மும்முனை இணைப்பு வேண்டியிருக்கும். கிணற்று மோட்டாருக்கான இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து இதற்கு ஒயர் இழுக்கக் கூடாது. அது பாசனத்துக்கான இணைப்பு. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அபராதம் மட்டுமல்ல, இணைப்புக்கே ஆபத்து.

ஆசிட், பாஸ்பேட் கலந்த கழிவுநீரை வாய்க்காலிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றக் கூடாது. தொட்டிகள் வைத்துச் செய்வதாக இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கடனுக்கு பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. 2022-ல் உயர்த்தப்பட்ட அளவின்படி, திட்டச் செலவு உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையும் இருக்கலாம். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவினருக்கு 25 சதவிகிதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவிகிதமும் மானியம். ஜாப் ஒர்க் எந்தப் பிரிவில் வரும் என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

முதலீடு போடுவதற்கு முன், கோவை கணபதி, குறிச்சி சிட்கோ, சென்னை அம்பத்தூர் போன்ற தொழிற்பகுதிகளில் உள்ள பட்டறை ஒன்றில் ஒரு மாதமாவது வேலை பார்த்துவிட்டு வருவது, எந்த வீடியோவைவிடவும் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

''கோட்டிங் செய்த பாகத்தை எப்படிப் பராமரிப்பது?''
- வாசகி ஒருவர், செய்யாறு.

உரம் ஏற்றிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிட்டால் போதும். சாதாரண சோப்பு ஆகும், தின்னரும் கம்பி நாரும் ஆகாது. கல் பட்டு இரும்பு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் உரசி, துரு தடுக்கும் பிரைமர் வைத்து, அதே நிறப் பெயிண்டைத் தொட்டுவிட வேண்டும். 'பவுடர் கோட்டிங்தானே' என்று விட்டுவிட்டால், ஊசிமுனை அளவு கீறலில் நுழையும் ஈரம் தோலுக்கு அடியிலேயே பரவும். வெளியே பளபளப்பாகத் தெரியும், உள்ளே இரும்பு கரைந்துகொண்டிருக்கும். மாதம் ஒருமுறை ரிம்மின் உட்பக்கத்தையும் குனிந்து பார்த்துவிடுவது நல்லது.